ஸ்விட்ச் கையேடுகளும் நடுவில் விழும் சந்தும்

ரேக்கில் பொருத்தும் நெட்வொர்க் ஸ்விட்ச் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், இடத்தைத் தயார் செய்வதற்கென்று ஒரு கையேடு இருக்கும். சில வருஷமாக இவற்றைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். கம்பெனி மாறினாலும் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை: மின்சாரம் ஒரு அத்தியாயம், குளிர்ச்சி ஒன்று, கேபிள் ஒன்று. எண்களில் எனக்குக் குறையில்லை. குறை அந்தப் பிரிப்பில்தான்.

ஏனென்றால் நம்ம ஊரில் அது அப்படியே வேலைப் பிரிப்பாகிவிடுகிறது. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு அத்தியாயம், ஏசிக்காரருக்கு ஒன்று, கேபிள் இழுப்பவருக்கு ஒன்று. மூவரும் அவரவர் வேலையைச் சரியாகவே முடித்துவிட்டுப் போவார்கள். கோளாறு வருவது நடுவில் இருக்கும் சந்தில்.

முதல் சந்து, வாட் கணக்கு. கையேட்டின் அட்டவணை அதிகபட்ச மின்தேவையைச் சொல்கிறது. ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.412 பிடியூ என்று பெருக்கச் சொல்கிறது. ஆனால் கேபிள் வழியாகவே போனுக்கும் கேமராவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சில் இந்தப் பெருக்கல் ஏமாற்றும். 48 போர்ட், போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 1440 வாட். ஸ்விட்சின் சொந்தச் செலவு 150 வாட், பவர் சப்ளையின் திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 1770 வாட். யூபிஎஸ்ஸுக்கு அந்த எண் சரி. ஏசிக்குச் சரியில்லை. அந்த 1440 வாட் கேபிளிலேயே வெளியே போய்விடுகிறது. அறைக்குள் தங்கும் வெப்பம் 330 வாட் போலத்தான். மொத்தத்தையும் பெருக்கினால் ஒரு ஸ்விட்சுக்கே அரை டன் ஏசி வேண்டும் என்று வரும்!

இரண்டாவது, மின்வெட்டு. ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இருக்கும், ஏசி இருக்காது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். மே மாசத்தில் அடைத்த அறை அவ்வளவு நேரம் தாங்குமா? ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி என்பது கருவிக்குள் காற்று நுழையும் இடத்து வெப்பநிலை. ஏசி ரிமோட்டில் தெரியும் எண் அது இல்லை. ஆபீஸ் ஏசியோடு சேர்த்து சாயங்காலம் ஆறு மணிக்கு அணைக்கப்படும் அறைகளுக்கு இந்தச் சோதனை தினமும் நடக்கிறது.

மூன்றாவது, காற்றின் திசை. சர்வர் ரேக்கில் ஸ்விட்சின் போர்ட்டுகளைப் பின்பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். கேபிள் இழுக்க வசதி. அப்போது காற்று பவர் சப்ளை பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். தப்பான ஃபேனை ஆர்டர் செய்திருந்தால், சர்வர்கள் வெளியே தள்ளும் சூட்டையே ஸ்விட்ச் உள்ளே இழுக்கும். திசையை முடிவு செய்தவர் கேபிள்காரர். அம்புக்குறிப் படம் இருப்பதோ குளிர்ச்சி அத்தியாயத்தில். அவர் அதை ஏன் புரட்டப் போகிறார்?

இதெல்லாம் வெறும் ஆபீஸ் தொல்லை இல்லை. நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் ஸ்விட்சுக்கு இரண்டு பவர் சப்ளை இருந்தது. இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில். 'ரிடன்டன்சி இருக்கு சார்' என்றார்கள். அந்த யூபிஎஸ் மக்கர் செய்தால் நர்ஸ்கள் மேஜையில் இருக்கும் ஐபி போன்கள் அத்தனையும் ஊமையாகிவிடும். வேறு வேறு யூபிஎஸ்ஸில் கொடுத்தாலும் ஒரு கேள்வி பாக்கி: ஒரு சப்ளை போனால் மற்றது பிஓஇ சுமை முழுவதையும் சுமக்குமா? முடியாவிட்டால் சில போர்ட்டுகளுக்கு மின்சாரம் நிற்கும். எந்த போன் முதலில் அணையலாம், எது கடைசிவரை இருக்கணும் என்று முன்கூட்டியே முடிவு செய்து ஸ்விட்சில் பதிந்து வைக்க வேண்டும். இது மின் வேலையா, நெட்வொர்க் வேலையா? இரண்டும்தான். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

கையேடு எழுதுபவர்களிடம் நான் கேட்பது கூடுதலாக ஒரே ஒரு பக்கம். கரண்ட் போனால் அறை எத்தனை நிமிஷம் தாங்கும், வாட்டில் எவ்வளவு உள்ளே தங்கும், காற்று எந்தப் பக்கம் போகும், ஒரு சப்ளை போனால் எது அணையும். இந்த நாலு கேள்வியும், பதில் எழுத இடமும், கீழே மூன்று பேர் கையெழுத்தும். அந்தப் பக்கம் வரும்வரை நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, மூவரையும் ஒரே நாளில் வரச்சொல்லுங்கள்.