சிசீலியாவுக்குப் பின்னால் வந்தவர்கள்

டாமி ஆரஞ்சின் முதல் நாவலான 'தேர் தேர்' 2018இல் வெளிவந்ததிலிருந்து ஒரு கூற்று ஓயாமல் காதில் விழுகிறது: அமெரிக்கப் பூர்வகுடிகளின் நகர வாழ்க்கை நாவலுக்குள் நுழைந்ததே அவரோடுதான். நாவலாசிரியரைப் பொது நூலகத்துக்கு அழைத்து வாசகர்களோடு பேசவைக்கும் மாலைகளில், அறிமுக உரைக்கு இது தோதான வாக்கியம். ஊரே ஒரு நூலை வாசிக்கும் வழக்கத்தை 1998இல் சியாட்டில் பொது நூலகம் தொடங்கிவைத்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு முதல் நாவலை வாழவைப்பதில் நூலகங்களுக்குப் பெரிய பங்குண்டு. அங்கே சொல்லப்படுவது இலக்கிய வரலாறாகவே படிந்துவிடும். இந்தக் கூற்று தவறு என்று அழுத்திச் சொல்ல அதுவே காரணம்.

பூர்வகுடி எழுத்தாளர்களின் நாவல் வரலாறு பழையது. ஜான் ரோலின் ரிட்ஜ் 1854இல் எழுதிய கொள்ளைக்காரன் கதை. வெள்ளைக்கார நண்பரின் பேனா அளவுக்கு மீறிப் புகுந்துவிட்ட, மோர்னிங் டவ்வின் 'கோகிவேயா' (1927). டார்சி மெக்னிக்கிளின் கறாரான 'தி சரவுண்டட்' (1936). தொடக்க காலத்துக்கு இவை போதும். 1969இல் ஸ்காட் மொமடேயின் 'ஹவுஸ் மேட் ஆஃப் டான்' புலிட்சர் பரிசு பெற்றதும் வாசல் திறந்தது. பின்னாலேயே ஜேம்ஸ் வெல்ச், லெஸ்லி மார்மன் சில்கோ, லூயிஸ் எர்ட்ரிக். இந்த நால்வரும் நிலைபெற்றது முதல் நாவல்களாலேயே. 1983இல் விமர்சகர் கென்னத் லிங்கன் இந்த எழுச்சிக்கு மறுமலர்ச்சி என்று பெயர் சூட்டினார்.

பெயரோடு ஒரு வார்ப்பும் வந்தது. போரிலிருந்தோ ஊர்சுற்றியோ சிதைந்து வரும் ஓர் ஆண், மூதாதையர் நிலத்துக்குத் திரும்பி, சடங்கின் வழியே குணமாவான். சில்கோவின் 'செரிமனி' இதன் உச்சம். அந்நாவலின் மேன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீடு திரும்புதலே பூர்வகுடி நாவலின் இயல்பு என்று 1987இல் வில்லியம் பெவிஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, திரும்பாதவர்களின் கதையைக் கேட்க விமர்சகர்களுக்குப் பொறுமை இல்லாமல் போனது. மொமடேயின் நாவலிலேயே லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிதான் மிகவும் வலிக்கிறது. அதையும் கடைசியில் விடியலில் ஊரில் ஓடும் நாயகன் ஏபெலை நோக்கிய படிக்கட்டாக மட்டுமே வாசித்தார்கள்.

திரும்பாதவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களில் அரசே வேலை ஆசை காட்டி, ரிசர்வேஷன் எனப்படும் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களின் மக்களை நகரங்களுக்கு அனுப்பியது. 1956இல் அதற்கென்று சட்டமும் வந்தது. ஓக்லந்தும் சான் பிரான்சிஸ்கோவும் அப்படி வந்திறங்கியவர்களின் ஊர்கள். அந்த வளைகுடாப் பகுதியின் நாவலை ஜேனட் கேம்பல் ஹேல் 1985இலேயே எழுதிவிட்டார்: 'தி ஜெய்லிங் ஆஃப் சிசீலியா கேப்ச்சர்'.

சிசீலியா பெர்க்லியில் சட்டம் படிப்பவள். தன் முப்பதாவது பிறந்தநாளில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதாகிறாள். நலத்திட்டப் பணத்தை முறைகேடாகப் பெற்றதாக ஒரு பழைய வழக்கும் தூசி தட்டி எடுக்கப்படுகிறது. சிறையறையில் அவளுக்கு நினைவுகள் வருகின்றன: ஐடஹோ ரிசர்வேஷன், வழக்கறிஞராக முடியாமல்போன குடிகாரத் தந்தை, கைக்குழந்தையோடு சான் பிரான்சிஸ்கோவில் உதவித்தொகைக்குக் கையேந்திய நாட்கள், பிள்ளைகளோடு தூரத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கணவன். சடங்கு இல்லை, மருத்துவப் பாட்டன் இல்லை. வாடகை, படிப்பு, பிணைத்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கும் ஒரு பெண். சாவின் விளிம்புவரை போய், சட்டப் படிப்பை முடிப்பது என்ற முடிவோடு திரும்புகிறாள், ஊருக்கு அல்ல. கோர் டலேன் இனத்தவரான ஹேல் பெர்க்லியில் படித்தவர். அலுவலக வரிசைகளின் அவமானத்தை அவ்வளவு துல்லியமாக எழுத அந்த அனுபவம் துணைநின்றிருக்க வேண்டும். அவர் 2021இல் காலமானார். 'தேர் தேர்' கொண்டாடப்பட்ட நாட்களில் உயிரோடு இருந்தவர் என்பதுதான் உறுத்துகிறது.

ஆரஞ்சின் ஆற்றலை நான் குறைக்கவில்லை. பன்னிரண்டு குரல்களைப் பின்னி ஓக்லந்து மைதானத்தில் நடக்கும் பவ்வாவ் என்ற பூர்வகுடி விழாவுக்குக் கொண்டுசேர்க்கும் கட்டுமானம் அபாரம். ஆனால் அந்த விழாவில் நடக்கும் துப்பாக்கிச் சூடு, அதுவரை பொறுமையாக வளர்த்த மனிதர்களைச் சினிமா வேகத்தில் விழுங்கிவிடுகிறது. பூர்வகுடியின் வாழ்க்கை சடங்கிலோ பேரழிவிலோ முடிந்தால்தான் வாசகர் கண்ணுக்குத் தெரியும் என்ற பழைய நிர்ப்பந்தத்துக்கு அவரும் கொஞ்சம் தலைவணங்கிவிட்டார். ஹேல் வணங்கவில்லை, புறக்கணிப்புக்கு அதுவும் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆரஞ்சின் இரண்டாவது நாவலான 'வாண்டரிங் ஸ்டார்ஸ்' (2024) 1864இன் சாண்ட் க்ரீக் படுகொலையில் தொடங்கிக் கார்லைல் உறைவிடப் பள்ளி வழியாக வருகிறது. புகழுரைகள் அந்த வரலாற்றுப் பகுதியிலேயே மொய்க்கின்றன. எனக்கு முக்கியம் பின்பாதி: அந்தப் பவ்வாவில் குண்டடிபட்டுப் பிழைத்த ஆர்வில் என்ற பையன் ஓக்லந்து வீட்டில் வலிமாத்திரைக்கு அடிமையாவதும், அது தெரியாமல் வீட்டார் சமைப்பதும் உறங்குவதும். இங்கே ஆரஞ்ச், ஹேல் போட்ட தடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார். அவரது மூன்றாவது நாவல் இந்தத் தடத்தில் இன்னும் முன்னே போக வேண்டும் என்றே விரும்புகிறேன்.