யாருக்கு வேண்டாதது?

'வேண்டாத எதிர்வினை'யை மூளை எப்படி நிறுத்துகிறது என்னும் ஆய்வுகளை வாசிக்கையில் எனக்கு இடறுவது அந்த 'வேண்டாத'தான். யாருக்கு?

சோதனை இதுதான்: திரையில் அம்புக்குறி வந்தால் பொத்தானை அழுத்தணும், சில தடவை மட்டும் உடனே 'நிறுத்து' சமிக்ஞை வரும், கையை அடக்கிக்கணும். நடக்காத செயலுக்கு நேரம் அளக்க முடியாது. லோகனும் கோவனும் 1984இல் தந்த பந்தய மாதிரியை வைத்து அதைக் கணிக்கிறார்கள். சுமார் 200 மில்லிநொடி. காந்த அதிர்வுப் படம் இடத்தைக் காட்டும். ஆனால் ரத்த ஓட்டத்தைத் தொடர்வதால் சில நொடி பிந்தும். மூளை மின்னலைப் பதிவு நேரத்தைப் பிடிக்கும், இடத்தில் தடுமாறும். ஆகவே இரண்டையும் இணைக்கிறார்கள். நியாயம்தான்.

வலது முன்மடலின் கீழ்மடிப்பு சிதைந்தவர்களுக்கு நிறுத்துவது சிரமம் என்று 2003இல் ஏரன் குழு காட்டியது. அதுவே மூளையின் 'பிரேக்' என்ற பேச்சு வேரூன்றியது. நிறுத்தவே வேண்டாம், சமிக்ஞையைக் கவனித்தாலே அவ்விடம் இயங்குகிறது என்று 2010இல் ஹாம்ப்ஷயர் குழு சொன்னது.

சரி, கருவிகள் சண்டையைத் தீர்க்கட்டும். 'அழுத்து' என்பதும் ஆய்வாளர், 'நிறுத்து' என்பதும் அவரே. 'அழுத்த மாட்டேன்' என்று ஒருத்தி சும்மா இருந்தால் அது கணக்கில் 'பிழை'. மறுக்கும் தன்னிலைக்கு அங்கே கட்டமே கிடையாது. அளந்தது கட்டளைக்கு இசைவதை. அதைச் சுயகட்டுப்பாடு என்று எழுதுவதில்தான் அதிகாரம் நுழைகிறது.