பஃபி: பேய்களை நம்பாத பெற்றோர்

'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' 1997 மார்ச் முதல் 2003 மே வரை ஏழு சீசன்களாக, 144 அத்தியாயங்களில் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். உருவாக்கியவர் ஜோஸ் வீடன். கலிஃபோர்னியாவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட சன்னிடேல் என்ற ஊரில், நரகத்தின் வாயிலுக்கு மேலே கட்டப்பட்ட உயர்நிலைப் பள்ளியில் கதை தொடங்குகிறது. பஃபி சம்மர்ஸ் (சாரா மிஷெல் கெல்லர்) பகலில் மாணவி, இரவில் இரத்தக்காட்டேரிகளைக் கொல்ல விதிக்கப்பட்டவள். பெற்றோர் மணவிலக்கு பெற்றவர்கள். அவள் தாய் ஜாய்ஸுடன் (கிறிஸ்டின் சதர்லேண்ட்) வசிக்கிறாள்.

இத்தொடரின் பேய்கள் பதின்வயதின் துயரங்களுக்கான உருவகங்கள் என்பது பலரும் சொன்னதுதான். முதல் சீசனில் யாரும் கவனிக்காத மாணவி ஒருத்தி உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியாதவளாகிப் போகிறாள். இரண்டாம் சீசனில் பஃபி காதலனுடன் கழித்த முதல் இரவுக்குப் பின் அவன் ஆன்மாவை இழந்து கொடியவனாக மாறுகிறான். ஆனால் இந்த உருவகங்களில் பாதி, பிள்ளைகளைவிடப் பெற்றோரைப் பற்றியவை. வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இத்தொடரைப் பார்க்க வேண்டியதன் காரணமும் அதுவே.

அறியாத தாய்

முதல் இரண்டு சீசன்களில் மகள் இரவில் எங்கே போகிறாள் என்பது ஜாய்ஸுக்குத் தெரியாது. ஜன்னல் வழியே வெளியேறும் மகள், கிழிந்த உடை, பள்ளியில் தொடர்ந்து வரும் புகார்கள் எல்லாவற்றையும் அவள் ஒழுங்கின்மை என்றே புரிந்துகொள்கிறாள். இரண்டாம் சீசனின் இறுதி அத்தியாயத்தில் (மே 1998) உண்மை வெளிப்படுகிறது. மகள் இதை விட்டுவிட முடியாதா என்று தாய் கெஞ்சுகிறாள். பிறகு, இப்போது வாசலைத் தாண்டினால் திரும்பி வர நினைக்காதே என்கிறாள். பஃபி உலகைக் காப்பாற்றிவிட்டு ஊரை விட்டே போகிறாள். தன்பாலீர்ப்பைப் பெற்றோரிடம் வெளிப்படுத்தும் பிள்ளையின் நிலையோடு இக்காட்சி அடிக்கடி ஒப்பிடப்படுகிறது. அது பொருத்தமே. எனினும் காட்சியின் வலிமை, ஜாய்ஸ் கெட்டவளாகக் காட்டப்படவில்லை என்பதில் இருக்கிறது. பயந்துபோன ஒரு தாய், தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதத்தை எடுக்கிறாள், அது தவறான ஆயுதமாகிவிடுகிறது.

பெரியவர்களின் பேய்கள்

தொடரின் மூன்றாவது அத்தியாயத்திலேயே ஒரு தாய் தன் இளமையை மீண்டும் வாழ்வதற்காகச் சூனியத்தால் மகளின் உடலைப் பறித்துக்கொள்கிறாள். மூன்றாம் சீசனில் பஃபியின் வழிகாட்டியும் தந்தைக்கு நிகரானவருமான ஜைல்ஸ், மேலிடத்தின் ஆணைப்படி அவளுக்குத் தெரியாமல் ஊசி போட்டு அவள் வலிமையைப் போக்குகிறார். பதினெட்டாம் பிறந்தநாளுக்கான 'தேர்வு' அது. தாங்க முடியாமல் அவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அவளிடம் தந்தையின் பாசம் கொண்டுவிட்டார் என்பதையே குற்றமாகச் சொல்லி மேலிடம் அவரைப் பதவியிலிருந்து நீக்குகிறது. மரபு சொல்வதைச் செய்வதா, பிள்ளையின் பக்கம் நிற்பதா என்ற கேள்வி எந்தச் சமூகத்துக்கும் அந்நியமானதல்ல.

இதைவிடக் கூர்மையானது ஐந்தாம் சீசனின் 'ஃபேமிலி' (2000). தங்கள் குடும்பப் பெண்களுக்குள் இருக்கும் பேய் இருபது வயதில் வெளிப்படும் என்று சொல்லி டாராவை அழைத்துப்போக அவள் வீட்டார் வருகிறார்கள். அப்படி எந்தப் பேயும் இல்லை என்பது தெரியவருகிறது. பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்கத் தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட கதை அது. பேய்கள் நிறைந்த ஒரு தொடரில், இல்லாத ஒரு பேய்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

பேயில்லாத மரணம்

'த பாடி' (2001 பிப்ரவரி 27) தொடரின் உச்சம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிவந்த ஜாய்ஸ், மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்துபோகிறாள். வீட்டுக்கு வரும் பஃபி சோபாவில் தாயின் உடலைக் காண்கிறாள். அத்தியாயம் முழுவதும் பின்னணி இசை கிடையாது. எத்தனையோ முறை உலகைக் காத்தவளின் வலிமை இங்கே எதற்கும் உதவவில்லை. அடுத்த சீசனில் அவள் தங்கையின் பொறுப்பையும் மருத்துவச் செலவில் கரைந்த சேமிப்பையும் சுமந்து, பர்கர் கடையில் வேலைக்குப் போகிறாள். ஒரு காலத்தில் தாயிடம் பொய் சொன்னவளிடம் இப்போது தங்கை பொய் சொல்கிறாள். ஜாய்ஸ் பட்டது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கும் பார்வையாளருக்கும் புரிகிறது. நீண்ட தொடரால் மட்டுமே தரக்கூடிய அனுபவம் இது.

குறைகள்

உருவகம் சில இடங்களில் உரையாடலைத் தடுத்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பிய பஃபியிடம் தாயும் நண்பர்களும் கோபத்தைக் கொட்டும் 'டெட் மேன்ஸ் பார்ட்டி' அத்தியாயத்தில், பேச்சு கூர்மையடையும் நேரத்தில் நடைபிணங்கள் வீட்டுக்குள் புகுகின்றன. சண்டை முடிந்ததும் அனைவரும் சமாதானமாகிவிடுகிறார்கள். எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. ஆறாம் சீசனில் வில்லோவின் மந்திரசக்தியைப் போதைப் பழக்கமாகக் காட்டியது பாடநூல் அறிவுரைபோல் ஆகிவிட்டது. அதே சீசனின் பாலியல் வன்முறைக் காட்சி கடுமையானது. பிள்ளைகளுடன் பார்க்கும் பெற்றோர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒதுக்க முடியாது. தொடரில் நடித்த கரிஸ்மா கார்பென்டர், வீடன் படப்பிடிப்புத் தளங்களில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று 2021-இல் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். பெரியவர்களின் அதிகாரத்தை இவ்வளவு நுட்பமாகக் கேள்வி கேட்ட ஒரு படைப்பைப் பார்க்கும்போது இதுவும் நினைவில் இருக்க வேண்டும்.

இக்குறைகளோடும் 'பஃபி' குடும்பங்களுக்குத் தருவது ஒரு பொது மொழியை. நேரடியாகக் கேட்டால் பதில் சொல்லாத பதினேழு வயதுப் பிள்ளை, ஜாய்ஸ் செய்தது சரியா என்று கேட்டால் பேசக்கூடும். பெற்றோரும் அந்தப் பதிலைத் தம்மைப் பற்றியதாகக் கேட்டுக்கொள்ளலாம். எங்கிருந்து தொடங்குவது என்பவர்கள் இரண்டாம் சீசனை முழுமையாகப் பார்த்துவிட்டு 'ஃபேமிலி', 'த பாடி' ஆகியவற்றுக்கு வரலாம். இடையில் உள்ளவற்றைப் பிறகு அவர்களே தேடிப் பார்ப்பார்கள்.