நிற்குமிடமே பாணி

கோல சிலாங்கூருக்குக் காமிராவுடன் வருவோர் பெரும்பாலும் இரண்டு காட்சிகளை நாடியே வருகின்றனர். ஒன்று, புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கம். மற்றொன்று, கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மரங்களில் இரவெல்லாம் மின்னும் மின்மினிக் கூட்டம். வழியில் ஈஜோக்கிலும், 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் உள்ள தோட்டங்களை அவர்கள் காரின் கண்ணாடி வழியாகவே கடந்து போகின்றனர்.

அழகைத் தேடுவோரை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், அவர்களுள் பலர் ‘எமக்கென்று ஒரு தனிப்பாணி அமையவில்லையே’ என ஏங்கக் கேட்கிறோம். சிலர் அதனைக் கடவுள் அருள் என்கின்றனர். வேறு சிலர் விலையுயர்ந்த கண்ணாடி வில்லையில் இருப்பதாக நம்பிக் கடன்படுகின்றனர். முன்னது மூடநம்பிக்கை, பின்னது கடைக்காரனுக்கு ஆதாயம். பாணி என்பது படமெடுப்பவன் எங்கே நிற்கிறான், யாரோடு நிற்கிறான் என்பதிலிருந்து பிறப்பது என்பதே நமது துணிபு. இதனைச் சில படங்களைக் கொண்டே ஆராய்வோம்.

பாரிஸ் நகரில் 1839ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இக்கலை, விரைவிலேயே தமிழகம் வந்து சேர்ந்தது. சென்னையில் 1856ஆம் ஆண்டிலேயே புகைப்படச் சங்கம் தோன்றிற்று. 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் கம்பெனிப் படை அதிகாரி, மதுரையையும் தஞ்சையையும் பெரிய தகடுகளில் படம்பிடித்தார். கல்லின் நுணுக்கமும் நிழலின் ஆழமும் அவற்றில் வியக்கத்தக்கவை. எந்தப் படத்தையும் கண்டவுடன் ‘இது டிரைப்’ என்று கூறிவிடலாம். ஆகவே பாணி உண்டு. ஆனால் அந்தக் கோபுரங்களின் அடியில் மனிதர் அரிது. நெடுநேரம் அசையாதிருப்பதையே அக்காலக் கருவி பற்றும் என்பது ஒரு காரணம். அளந்து பதிவு செய்ய வந்த அரசாங்கத்துக்குக் கட்டடம் போதுமாயிருந்தது என்பது மற்றொரு காரணம்.

நமது நாட்டுக்கு வருவோம். மேடானில் படநிலையம் வைத்திருந்த கிளைன்குரோத் என்னும் ஜெர்மானியர், 1907ஆம் ஆண்டையொட்டி மலாயாவைப் பற்றி ஒரு படத்தொகுதி வெளியிட்டார். அக்காலத்து இத்தகைய தொகுதிகளைப் புரட்டுவோர் ஒன்றைக் காண்பர். ஒழுங்காக நட்ட கித்தா மரங்களே அவற்றில் கதாநாயகர். அருகில் நிற்கும் கூலியாள் மரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல். அவருக்குப் பெயர் இல்லை. நம் பாட்டன்மாரைப் பற்றி உலகம் கண்ட முதற் காட்சி பெரும்பாலும் இதுவே.

அந்தப் பாட்டன்மார் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினர்? அதற்கு விடை படநிலையங்களில் இருக்கிறது. பட்டணத்துக்குப் போய், இரவல் கோட்டு மாட்டி, மாளிகை எழுதிய திரையின் முன் கைக்கடிகாரம் தெரிய உட்கார்ந்தனர். தமிழகத்தில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட இவ்வகைப் படங்களை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிப் பாதுகாத்திருக்கிறது. கலையறிந்தோர் சிலர் இவற்றைப் போலி என்று நகைப்பர். நாம் நகைக்கமாட்டோம். தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று பிறருக்கு ஆணையிடும் உரிமையை ஓர் ஏழை முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய இடம் அது. கோட்டு இரவலாயினும் நிமிர்ந்த கழுத்து அவனுடையது. குறையும் உண்டு: திரை ஒன்றே ஆதலால் எல்லாரும் ஒருவர் போலவே தோன்றுகின்றனர், உழைத்த கையின் காய்ப்பு மாளிகையின் முன் மறைந்து போகிறது.

ஆகவே, உழைப்பையும் காட்டி மதிப்பையும் காக்கும் படம் கூடுமா என்பதே கேள்வி. கூடும் என்பதற்குச் சான்றாகத் தோழர் எம். பழனிக்குமாரைக் காட்டுவோம். மதுரை மாவட்டத்தில், மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர் இவர். 2017ஆம் ஆண்டு திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி எனப்படும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகத்தில் பணிபுரிபவர்; 2022ஆம் ஆண்டில் தயானிதா சிங் பெயரால் அமைந்த பாரி ஆவணப்பட விருதையும் பெற்றவர். இராமநாதபுரக் கடலில் பாசி சேகரிக்கும் பெண்களை இவர் எடுத்த படங்களில், கண்ணாடி அணிந்து, விரல்களில் துணிச்சுற்றுக் கட்டி நிற்கும் அவர்கள் இரங்கத்தக்கவராய்த் தோன்றவில்லை. தொழில் அறிந்தவராய்த் தோன்றுகின்றனர். தாயின் உழைப்பைப் பற்றியும் இவர் படமெடுத்து எழுதியிருக்கிறார். பாணியைத் தேடி இவர் வெளியே அலைந்ததாகத் தெரியவில்லை; தாம் புறப்பட்ட வீட்டை மறவாதிருந்தார், அதுவே பாணியாயிற்று.

துன்பத்தையே தொடர்ந்து எடுப்பவரின் கண் பழகிப்போய், அழுத முகமே ஒரு முத்திரையாகிவிடும் அபாயம் உண்டு என்று எவரேனும் தடை கூறலாம். தடை நியாயமானதே. அதற்குச் சிறந்த விடை, உழைப்பாளரின் பிள்ளைகளுக்கு இவர் படமெடுக்கக் கற்றுத் தருவதாகும். கருவி கைமாறினால் முத்திரையும் கைமாறும்.

நிற்க. எமது சொந்தத் தவறு ஒன்றையும் கூறவேண்டும். ஓய்வு பெற்ற பால்வெட்டு மூதாட்டி ஒருவரைப் படமெடுக்க, அவர் லயத்துக்குச் சென்றோம். பழைய பால் வாளியையும் கத்தியையும் கையில் ஏந்தி, கிழிந்த வேலைச் சட்டையுடன் நிற்கும்படி வேண்டினோம். ஆங்கிலப் பள்ளியில் படித்த நாள் முதல் நூல்களில் கண்ட விதிகள் யாவும் அதனையே சொல்லின. அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தச் சட்டை தொர காசுக்குப் போட்டது தம்பி. படம் என் பேத்திக்கு” என்று சொல்லி உள்ளே சென்றார், பட்டுச் சேலையுடன் வந்து நாற்காலியில் நேராக அமர்ந்தார். படம் எடுத்தோம். அன்று அது எமக்குச் சாதாரணமாகத் தோன்றியது. இன்று எம்மிடமுள்ளவற்றுள் சிறந்தது அதுவே என்போம்.

‘தம்பி’ என்று அவர் அழைத்ததும் எளிதில் வந்ததன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரையையோ கிராணியையோ கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு அதனையும் சேர்த்துக் கேட்டனர் என்பதை எண்ணிப் பாருங்கள். தாம் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை அம்மக்கள் அறிந்தே இருந்தனர். கிராணி வேலை பார்க்கும் நாம்தான் அறியாதிருந்தோம்.

இன்று கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் பலர் பட்டணம் போயினர். குலை அறுப்போர் பலர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். காலைப் பெரட்டில் கைத்தொலைபேசியை உயர்த்தி, அவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுப்பது நாமே. அப்படத்தில் பெயர் உண்டா? முகம் உண்டா? குலையின் பருமனைக் காட்டும் அளவுகோலாக அல்லவா அவர்களை நிறுத்துகிறோம்! கிளைன்குரோத் காலத்துப் படத்தை, நம் பாட்டனின் பேரனே இன்று எடுக்கிறான்.

தனிப்பாணி வேண்டும் என்று ஏங்கும் வடசிலாங்கூர்த் தோட்டத்து இளைஞர்களே! வில்லை வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை எதிரே நிற்பவரின் பெயரைக் கேளுங்கள். அவர் எவ்வாறு தோன்ற விரும்புகிறார் என்று கேளுங்கள். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். அவர் அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். இவ்வாறு நூறு படம் எடுத்தபின் உமக்கென்று ஒரு பாணி அமைந்திருக்கும். அமையாவிடினும் நட்டமில்லை; நூறு பேருக்கு அவரவர் முகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.