பழுது சொல்லும் எண்கள்: ஒரு திறனாய்வு

நூல்களையும் நாடகங்களையும் திறனாய்வது நமக்குப் பழக்கமானதே. ஓர் எண் பட்டியலையும் திறனாய முடியுமா? முடியும், திறனாயவும் வேண்டும். எக்ஸ்கவேட்டர், புல்டோசர், டம்பர் போன்ற கனரக எந்திரங்களில் பழுது நேரும்போது திரையில் சில எண்கள் தோன்றுகின்றன. அவற்றைச் சரியாகப் படிக்கிறோமா, தவறாகப் படிக்கிறோமா என்பதில் ஓர் எஞ்சினின் ஆயுளே அடங்கியிருக்கிறது.

முதலில் பட்டியலின் அமைப்பைப் பார்ப்போம். இன்றைய டீசல் எஞ்சினை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று நடத்துகிறது. அழுத்தம், வெப்பம், வேகம் முதலியவற்றை உணரிகள் அளந்து, மின்னழுத்தமாக மாற்றி அப்பெட்டிக்கு அனுப்புகின்றன. பட்டறைகளில் இவற்றை சென்சார் என்பார்கள். எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 1990களில் வகுத்த ஜே1939 நெறிமுறையின்படி, பழுது கண்ட பெட்டி இரண்டு எண்களைத் தருகிறது. முதல் எண், பழுது எதைப் பற்றியது என்று சொல்லும். 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம். 110 என்றால் கூலண்டின் வெப்பநிலை. இரண்டாம் எண், பழுது எவ்வகையானது என்று சொல்லும். எத்தனை முறை நேர்ந்தது என்ற கணக்கும் உடன் வரும்.

இப்பட்டியலின் சிறப்பு இரண்டாம் எண்ணில்தான் இருக்கிறது. 0 என்றால் அளவு நம்பத்தக்கது, ஆனால் மிகவும் கூடுதல். 1 என்றால் அளவு நம்பத்தக்கது, ஆனால் மிகவும் குறைவு. 2 என்றால் அளவு தாறுமாறாக வருகிறது. 3 என்றால் மின்னழுத்தம் இருக்கவேண்டியதைவிட அதிகம். 4 என்றால் அதைவிடக் குறைவு. 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அல்லது மின்சுற்று அறுந்துள்ளது.

எஞ்சினின் நோய் வேறு, செய்தி கொண்டுவரும் கம்பியின் நோய் வேறு என்று பெட்டி எப்படிப் பிரித்தறிகிறது? வழி எளியது. அழுத்த உணரிகள் பலவும் 5 வோல்ட் மின்சாரத்தைப் பெற்று, 0.5 வோல்ட் முதல் 4.5 வோல்ட் வரை விடை தருகின்றன. அழுத்தமே இல்லாதபோதும் 0.5 வோல்ட் வந்தாக வேண்டும். தேர்வெழுதிப் பூஜ்யம் வாங்கிய மாணவன் வேறு. தேர்வுக்கே வராதவன் வேறு அல்லவா? 0.5 வோல்ட் வந்தால் முதல் வகை. 0 வோல்ட் வந்தால் இரண்டாம் வகை. நுட்பமான ஏற்பாடு இது.

ஆனால் இந்த நுட்பம் களத்தில் பெரும்பாலும் வீணாகிறது. ‘100’ என்று கண்டதும், ‘ஆயில் பிரஷர் சென்சார் போய்விட்டது, மாற்று’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் எண் 4 ஆக இருந்தால் உணரியோ கம்பியோ கெட்டிருக்கலாம். அதுவே 1 ஆக இருந்தால்? உணரி தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. ஆயில் அழுத்தம் உண்மையாகவே விழுந்திருக்கக்கூடும். உடனே எஞ்சினை நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்து, மின்சாரம் தேவைப்படாத சாதாரண அழுத்தமானியைப் பொருத்திச் சோதிக்க வேண்டும். அதைவிட்டு உணரியை மாற்றி எஞ்சினை ஓட்டினால், ஆயில் கிடைக்காத பேரிங்குகள் தேய்ந்து கிராங்க் ஷாஃப்ட்டே பாழாகும். உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்ததன் பலன் அது.

இந்தத் தவற்றுக்குப் பட்டறைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பட்டியலின் முகப்பில் நிற்பது அளக்கப்படும் பொருளின் பெயர். பழுதின் வகையோ ஒரு சிற்றெண்ணாகப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. பழுது நீக்கும் கையேட்டில் பல படிகள் இருந்தாலும், ‘உணரியை மாற்றுக’ என்ற வரியே கண்ணில் படுகிறது. இடையிலுள்ள படிகளே அறிவியல். அவற்றைத் தாண்டிவிட்டால் எஞ்சுவது ஊகம்தான்.

ஒரு படியை எடுத்துக்கொள்வோம். திரையில் 110, 4 என்று வருகிறது. கூலண்ட் வெப்ப உணரி, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருளால் ஆனது. இரண்டு கம்பிகள் கொண்டது. அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். சுற்று திறந்துவிட்டதால் மின்னழுத்தம் உயர்ந்து, 4 என்பது 3 ஆக மாற வேண்டும். மாறினால் கம்பியும் பெட்டியும் நலம், குற்றம் உணரியில். மாறாமல் 4 ஆகவே நின்றால், கம்பி எங்கோ உரசித் தோல் உரிந்து எந்திரத்தின் உடலைத் தொடுகிறது என்று தேடத் தொடங்கலாம். செலவு ஒரு காசுகூட இல்லை. அதிர்வும் புழுதியும், கழுவும்போது புகும் நீரும் கனரக எந்திரங்களின் அன்றாட வாழ்க்கை. ஆகவே கம்பியையும் கனெக்டரையும் பார்க்காமல் உணரியை மாற்றுவது, பல்பு எரியவில்லை என்றதும் சுவிட்சைப் பார்க்காமல் புதுப் பல்பு வாங்க ஓடுவதற்கு ஒப்பாகும்.

மூன்று நான்கு உணரிகளுக்கு ஒரே நேரத்தில் பழுது காட்டினால் இன்னும் நிதானம் தேவை. பல உணரிகள் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்வதுண்டு. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்றவையும் பட்டினி கிடக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது மற்றவை உயிர்பெறுகின்றனவோ அதுவே குற்றவாளி.

பட்டியலின் மிகப் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. எல்லைக்குள் நின்று பொய் சொல்லும் உணரியை அது எளிதில் பிடிப்பதில்லை. 100 பாகை வெப்பத்தை 85 பாகை என்று காட்டும் உணரியின் மின்னழுத்தம் ஒழுங்காகவே இருக்கும், எண்ணும் தோன்றாது. கூலண்ட் ஒழுகிப்போய் உணரி வெற்றிடத்தில் தொங்கினாலும், எஞ்சினின் உண்மையான சூட்டை அது காட்டாமல் போகலாம். எண் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று கொள்ளலாகாது.

இதற்கும் எளிய சோதனை உண்டு. இரவு முழுவதும் நின்று ஆறிய எந்திரத்தில், காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி அளவுகளைப் படியுங்கள். கூலண்ட், எரிபொருள், உள்ளிழுக்கும் காற்று ஆகிய மூன்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஆயில் அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இவற்றில் எது ஒத்துவரவில்லையோ அதை ஐயுறுங்கள்.

ஆக, இப்பட்டியல் நல்ல சாட்சி. ஆனால் நீதிபதி அன்று. தான் கண்ட மின்னழுத்தத்தை அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை. தொழிற்பயிற்சி பெறும் மாணவர்களே, எண்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். ‘இந்த எண் வர எத்தனை காரணங்கள் இருக்கலாம்? அவற்றுள் ஒன்றை எந்தச் சோதனையால் விலக்கலாம்?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டரே போதும். கேட்கத் தெரியாதவருக்கு விலையுயர்ந்த ஸ்கேனரும் வெறும் எண்களையே காட்டும்.