நாட்டுக்குரங்கின் திணை

எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போன வருடம் ஒரு செய்தி வந்தது. "குரங்குத் தொல்லை தாங்கல. அதுங்களும் வடக்கனுங்களும் ஒண்ணா வந்து எறங்கியிருக்குங்க. ரெண்டுக்கும் ஏதாவது பண்ணணும்." கீழே பதினொரு சிரிக்கும் முகங்கள். யாரும் மறுக்கவில்லை, நானும்தான். இரண்டு நாள் கழித்து, குரங்குகளைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லும் மனு சுற்றுக்கு வந்தபோது கையெழுத்தும் போட்டேன். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மந்தி வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கோபம்.

இந்தக் கட்டுரை அந்தச் செய்தியில் இருக்கும் 'ஒண்ணா' என்ற சொல்லைப் பற்றியது. குரங்கையும் பிழைக்க வந்த மனிதனையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு எப்படி இவ்வளவு எளிதாக வருகிறது? வாட்ஸப் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. நம் இலக்கியம் ரொம்ப காலமாகப் பழக்கிவைத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் யார் வந்தேறி என்ற கணக்கு. ஓசூர் சுற்றுவட்டாரத்தில் சுவரேறித் திரிவது நாட்டுக்குரங்கு. உச்சந்தலையில் வகிடு எடுத்ததுபோல முடி விரிந்திருப்பதால் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். சிப்காட் வந்தது எழுபதுகளில். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். நான் ஓசூருக்கு வந்தது அதற்கும் பிறகு. ஆனாலும் நாளிதழ்களில் இது எப்போதும் 'ஊருக்குள் புகுந்த குரங்கு'தான். 'நாட்டுக்கோழி' என்று சொல்லும் அதே வாயால் 'நாட்டுக்குரங்கு' என்று பெயர் வைத்தவர்கள் நாம். பெயரிலேயே நாடு இருக்கிறது. செய்தியில் அது காட்டிலிருந்து புகுந்ததாகிவிடுகிறது.

உண்மையிலேயே சொந்த நிலத்துக்கு வெளியே வாழும் குரங்குகள் உலகத்தில் உண்டு. ஃப்ளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற இடம். 1930களின் இறுதியில் அங்கே சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டிருந்த கர்னல் டூயி என்பவர் (ராணுவப் பட்டமெல்லாம் இல்லை, பெயரே கர்னல்), பயணிகளுக்கு வேடிக்கை காட்ட ஆற்றுத் திட்டு ஒன்றில் சில ரீசஸ் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டார். ரீசஸ் என்றால் நம் வட இந்தியாவின் செம்முகக் குரங்கு. அது நன்றாக நீந்தும் என்பது அவருக்குத் தெரியாது. நீந்திக் கரையேறிய குரங்குகளின் சந்ததி இன்றும் அந்த ஆற்றங்கரைக் காட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் பலர் சொல்லும் கதை வேறு: டார்ஸான் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்த குரங்குகள் தப்பித்துவிட்டனவாம். 1939இல் டார்ஸான் படம் அங்கே எடுக்கப்பட்டது நிஜம். குரங்குகள் அதில் வந்தவை என்பது பொய். ஒரு படகுக்காரரின் அசட்டுத்தனத்தைவிட டார்ஸான் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். குரங்கைக் கொண்டுவந்த கை மறைந்து, தப்பித்த குரங்கு மட்டும் கதையில் மிஞ்சுகிறது. இதைக் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் இடம்பெயர்ந்த உயிர்களைப் பற்றி யோசிக்க ஒரு கருவி இருந்தது. திணை. குறிஞ்சிக்கு என்று ஒரு கருப்பொருள் பட்டியல், அதில் குரங்குக்கு ஓர் இடம். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் குரக்குப்பத்து என்று தனியாகப் பத்துப் பாட்டே உண்டு. கவிதைக்குள் ஒரு குரங்கு வந்தால் அது நிற்கும் மலை, அதன் பலா, அதன் மூங்கில் எல்லாம் கூடவே வந்துவிடும். இன்றைய உயிரியலாளர் வாழிட எல்லை என்று வரைபடத்தில் குறிப்பதைக் கவிஞர்கள் மரபாக வைத்திருந்தார்கள் என்று சொன்னால் ரொம்ப மிகையாகாது.

அதைவிட முக்கியமானது, எல்லை மீறினால் என்ன செய்வது என்றும் இலக்கணம் யோசித்திருக்கிறது. தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா இருக்கிறது. ஒரு நிலத்தின் பூவோ பறவையோ தனக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறொன்றில் வந்தால், அதை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. முதல்முறை வகுப்பில் படித்தபோது இது பரீட்சைக்கான விதிவிலக்காக மட்டும் தெரிந்தது. ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தினமும் கடந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி தெரிகிறது. வந்ததை வந்த இடத்தின் பெயரால் அழை என்று சொல்லும் ஒரு மொழி 'வந்தேறி' என்ற சொல்லையும் வைத்துக்கொண்டு இருக்கிறது.

அதற்காக இதைப் பிடித்துக்கொண்டு "யாதும் ஊரே, குரங்குக்கும்" என்று நெகிழ்ந்துவிடவும் முடியாது. மொரீஷியஸ் தீவில் நீண்டவால் குரங்குகள் இருக்கின்றன. தென்கிழக்காசியாவைச் சேர்ந்தவை, ஐரோப்பியக் கப்பல்களில் வந்து சேர்ந்தவை. நம் ஆட்கள் அங்கே கப்பலேறிப் போவதற்கு முன்பே அவை போய்விட்டன. அந்தத் தீவின் பறவைகளுக்கு அவை கெடுதல், கூட்டில் கைவிட்டு முட்டையை எடுத்துவிடும். அங்கே சூழலியலாளர் ஒருவர் 'இது அந்நிய இனம்' என்று சொன்னால் சரியாகத்தான் சொல்கிறார். இந்தியாவுக்குள்ளேயே ரீசஸ் குரங்குகள் கோதாவரியைத் தாண்டித் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கின்றன, நாட்டுக்குரங்கின் நிலம் சுருங்குகிறது. மனிதர்கள் பிடித்து இடம்மாற்றி விடுவதும் இதற்கு ஒரு காரணம். ஆக, உயிரியலில் 'சொந்த நிலம்' என்பது அர்த்தமுள்ள சொல். அதை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து ஒடிசாவிலிருந்து வந்து பேக்கிங் பிரிவில் நிற்கும் ஒருவன்மேல் ஒட்டுவதுதான் பிரச்சினை. குழுவில் வந்த அந்த 'ஒண்ணா' செய்வது இதைத்தான்.

நம் இலக்கியம் இந்த ஒட்டும் வேலையில் கைதேர்ந்தது. குறுந்தொகை 69, கடுந்தோட் கரவீரன் பாட்டு. ஆண் குரங்கு செத்துப்போகிறது. தனிமையைத் தாங்க முடியாத மந்தி, மரமேறக்கூட இன்னும் கற்காத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிரை விடுகிறது. அப்படிப்பட்ட மலைநாட்டுக்காரனே, ராத்திரியில் இந்த வழியாக வராதே என்று தோழி சொல்கிறாள். நான் மிகவும் நேசிக்கும் கவிதை இது. ஆனால் அந்த மந்தி யார்? தலைவி. குட்டியைக் கூட்டத்தில் வேறு பெண் குரங்குகள் எடுத்துவைத்துக்கொள்ளும் என்று கவனித்தவன்தான் இதை எழுதியிருக்கிறான். கவனித்ததை முழுக்க ஒரு மனிதப் பெண்ணின் சாவு பயத்துக்குச் செலவழித்துவிட்டான்.

கம்பனில் இது இன்னும் கூர்மையாகிறது. மறைந்து நின்று அம்பு போட்ட ராமனிடம் வாலி வாதாடுகிறான். தம்பி மனைவியைக் கவர்ந்தாய் என்பது குற்றச்சாட்டு. வாலியின் பதில்: உங்கள் திருமணக் கற்பு முறையெல்லாம் குரங்குக் குலத்துக்கு விதிக்கப்பட்டதே இல்லை. என்னை மிருகமாகவே பார், மிருகத்துக்குரிய நியாயத்தை வை என்று ஒரு குரங்கு கேட்கும் இடம் தமிழில் இது ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது. ராமன் அதை ஏற்பதில்லை. நல்லது கெட்டது தெரிந்த நீ விலங்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்கிறான், ஜடாயுவை உதாரணம் காட்டுகிறான். வாலியும் கடைசியில் ஒத்துக்கொள்கிறான். பட்டிமன்றங்களில் ராமன் செய்தது சரியா என்று ஐம்பது வருடமாகப் பேசுகிறோம், குரங்கு கேட்டது என்ன என்று பேசியதில்லை. ராமாயணத்தை 'சக்கரவர்த்தித் திருமகன்' என்று எளிய தமிழில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கே ஓசூர் விளிம்பில்தான் இருக்கிறது. பாரதியின் குயில் பாட்டு குரங்கைக் காதலனாக்கி மனிதர்களை நக்கலடிக்கிறது. பிரமாதமான நக்கல்தான். அங்கும் முடிவில் அந்தக் குரங்கு முற்பிறப்பில் நெட்டைக்குரங்கன் என்ற மனிதன்.

அந்த மனு போன வாரத்தில் மறுபடி பார்த்த படம் 'ஈப் அல்லே ஊ'. பிரதீக் வத்ஸ் இயக்கி 2019இல் வந்த இந்திப் படம். பிழைக்க டில்லி வந்த இளைஞன் அஞ்சனிக்குக் கிடைப்பது, ராய்சினா குன்று அரசாங்கக் கட்டடங்களைச் சுற்றிக் குரங்கு விரட்டும் ஒப்பந்த வேலை. லங்கூரைக் கட்டிவைத்து விரட்டுவதற்குத் தடை வந்துவிட்டதால் இப்போது மனிதனே லங்கூர்போலக் கத்த வேண்டும். அந்தக் கத்தல்கள்தான் தலைப்பு. அவனுக்கு ஒழுங்காகக் கத்த வராது. லங்கூர் வேஷம்கூடப் போட்டுப் பார்க்கிறான்.

புலம்பெயர் தொழிலாளியும் குரங்கும் 'ஒண்ணு' என்று இந்தப் படமும் சொல்கிறது என வாதிடலாம். நண்பர் ஒருவர் அப்படித்தான் கோபப்பட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் குரங்குகள் நடிக்கவில்லை. கேமரா அவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறது: கைப்பிடிச் சுவரில் பேன் பார்க்கின்றன, யாரோ போட்ட உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கின்றன, அஞ்சனியைக் கண்டுகொள்வதே இல்லை. அவன் கஷ்டம் அவற்றுக்குத் தெரியாது. அந்த அலட்சியம்தான் படத்தைக் காப்பாற்றுகிறது. அனுமார் என்று கும்பிட்டு வாழைப்பழம் போடும் கை, தொல்லை என்று விரட்டச் சம்பளம் கொடுக்கும் கை, இரண்டும் ஒரே நகரத்தினுடையவை என்பதையும் படம் மறைப்பதில்லை. சில்வர் ஸ்பிரிங்ஸில் மறைந்துபோன கை இங்கே சட்டகத்துக்குள் இருக்கிறது. தமிழில் இப்படி ஒரு சிறுகதைகூட நான் படித்ததில்லை. யானை வழித்தடம் பற்றி எழுதுகிறோம், நல்லது. சானமாவுக் காட்டுக்கு யானை வந்தால் ஊரே பேசுகிறது. குரங்கு அந்த அளவுக்குக் கம்பீரம் இல்லாதது போலிருக்கிறது.

இதற்கிடையில் அது குறைந்துகொண்டும் இருக்கிறது. தெருவில் தினம் பார்ப்பதால் நம்ப முடியாது. தென் கர்நாடகத்தில் நடந்த கணக்கெடுப்புகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, 25 ஆண்டுகளில் நாட்டுக்குரங்குகள் 65 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. சாலையோர ஆலமரங்களையும் கோயில்களையும் அண்டி வாழ்ந்த இனம் இது. சாலையை அகலப்படுத்த மரங்கள் போயின. மரம் போனதும் குரங்கு மொட்டைமாடிக்கு வந்தது, உடனே தொல்லை ஆனது, பிடித்துக்கொண்டு போனார்கள். நாலுவழி, ஆறுவழி என்று வளர்ந்த நம் பெங்களூர் நெடுஞ்சாலையில் எத்தனை ஆலமரம் மிச்சம் என்று ஓசூர்க்காரர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மனு கொடுத்த மூன்றாம் வாரம் கூண்டு வந்தது. உள்ளே வேர்க்கடலையும் வாழைப்பழமும். இரண்டு நாளில் ஒன்பது சிக்கின. வண்டிக்காரரிடம் எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். "அஞ்செட்டிப் பக்கம் சார், காட்டுல. அங்க சந்தோஷமா இருக்கும்." மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மூடியைத் திறக்கத் தெரிந்த குட்டிகள் அவை. ஊரிலேயே பிறந்தவை. அந்தக் காட்டில் ஏற்கெனவே வேறு கூட்டங்கள் இருக்கும், எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்பது அவற்றுக்குத்தான் தெரியும். உள்ளூர்க் குரங்கைச் சொந்த நிலத்துக்கு வெளியே வாழும் குரங்காக மாற்ற அறுபது கிலோமீட்டர்கூட வேண்டாம்போலிருக்கிறது. கீழே என் கையெழுத்து இருந்தது.

ஒரு கடுவன் மட்டும் சிக்கவில்லை. அதை விரட்ட எங்கள் காவலாளிக்குச் சங்கம் ஒரு கவண் வாங்கிக் கொடுத்தது. ஒடிசாக்காரர், இருபத்து மூன்று வயது. "பந்தர், ஹட்!" என்பார். வாசலில் பூ விற்கும் அக்கா "கோத்தி, போ" என்பார், தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு அதுதான் பெயர். கடுவன் இருவரையும் பொருட்படுத்தாமல் ஜெனரேட்டர் கொட்டகைமேல் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அவர் கவணை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"சார், எங்க ஊர் பந்தர் வேற. மூஞ்சி லால். வால் இவ்ளோதான்." கையால் அளந்து காட்டினார். "இது வால் ரொம்ப லம்பா. தலையில பாருங்க, சீப்பு போட்ட மாதிரி. இது பேர் என்னா சார்?"