சுழல் வால்வா, பிஸ்டன் வால்வா?

திருவல்லிக்கேணித் தெருவில் கல்யாண ஊர்வலம் செல்லும்போது டிரம்பெட் வாசிப்பவரின் விரல்களைக் கவனியுங்கள். மூன்று பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்கும். இது பாரிசில் பெரினே 1839-இல் செப்பனிட்ட முறை. வியன்னாவில் ரீடல் 1835-இல் அமைத்த முறையிலோ வால்வு கால் வட்டம் சுழலும். சுழல் வால்வுக் கருவிக்கே நாதம் இனிது என்பர் சிலர். இக்கூற்று ஏற்கத்தக்கதா?

இரு வால்வுகளும் செய்யும் வேலை ஒன்றே: காற்றுத் தம்பத்தின் நீளத்தைக் கூட்டுவது. நாதத்தின் தன்மையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை ஊதுவாயும், குழல் விரியும் விதமும், மணி போன்ற அதன் முனையுமே.

வால்வைக் குறை கூறுவதானால் வேறொன்று உண்டு. ஓர் அரைச்சுரம் தாழ்த்த நீளம் 5.95 சதவீதமும், இரண்டு தாழ்த்த 12.25 சதவீதமும் கூட வேண்டும். இரு வால்வுகளையும் ஒருங்கே அழுத்தினால் கூடுவது 18.20 சதவீதம், மூன்று அரைச்சுரங்களுக்குத் தேவையோ 18.92. ஆகவே சுருதி சற்று ஏறிவிடும். இக்குறை இரண்டுக்கும் பொது.

சுழல் வால்வை அழுத்தும் தூரம் குறைவு. ஆனால் கழற்றித் துடைப்பது கடினம். பிஸ்டனைக் கையாலேயே திருகி எடுத்து எண்ணெயிடலாம். கடற்காற்றும் புழுதியும் சூழ்ந்த நம் தெருக்களுக்குப் பிஸ்டனே ஏற்றது. நாதத்தை நம்பி அதிக விலை கொடுக்குமுன் சிந்தியுங்கள்!